கல்

மேடையில் ஆறு ஒரு வெள்ளைச் சேலையாம்.
இரண்டு பேர் நுனி பிடித்து அசைக்க
நடுவில் நிற்பானாம் தோணிக்காரன்.
இரவில் எவரையும் ஏற்றாதே, அரச கட்டளை.
அக்கரையில் ஒரு குரல் கூப்பிடும்.
‘நாளைக்கு வா’ என்பான்.
விடிந்தால் ஒதுங்கிக் கிடப்பது அவன் மகள்.
மறுகா, அறுபது வரி அழுவான்.
நூறு வருடமாக ஜனம் அதற்குக் கைதட்டியிருக்கிறது.

ருச்சிரா இதை எனக்கு ஹிந்தியில் சொன்னாள்,
குருமண்வெளித் துறையில், இளநீர் குடித்துக்கொண்டு.
என் ஹிந்தி ஷார்ஜாவில் ஒன்பது வருடம்
பாத்திரம் கழுவிப் பழகியது.
தாளிதமும் திட்டும் நன்றாக வரும்.
துன்பியல் நாடகம் இதுதான் முதல் தடவை.

அவளுக்குச் சிக்கல் போன்தான்.
‘இப்போது யார் கரையில் நின்று கத்துகிறார்கள்?
மகள் ஒரு ரிங் கொடுத்தால் கதை முடிந்தது.’
ஏழு தடவை திருத்தி எழுதினாளாம்.
பேட்டரி தீர்ந்தது, சிக்னல் இல்லை, தண்ணீரில் விழுந்தது,
எல்லாம் பொய்யாகத் தெரிந்ததாம்.
கடைசியில் போன் அடிக்கிறது. அவன் பார்க்கிறான்.
மகள் யாரிடமோ இரவல் வாங்கிய போன்.
தெரியாத நம்பர். எடுக்கவில்லை.
அது எனக்கும் சரியாகப் பட்டது.
நானும் எடுப்பதில்லை.

அரசன் இருந்த இடத்தில் ஒரு மணல் கம்பனி.
பாதை ஓட்டும் சாமித்தம்பி அண்ணன்
(எங்கள் ஊரில் பாதை என்றால் மிதப்பது,
ஆளையும் சைக்கிளையும் ஏற்றி மண்டூருக்குப் போவது)
கதையைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார்.
‘ராசா எண்டா வாசலில நிண்டு மண்ணள்ளித் தூத்தலாம்.
கம்பனிக்கு வாசல் எங்க புள்ள?
மண்ணையும் அவனே அள்ளிட்டான்.’
ஹிந்தியாக்கினேன்.
டைரக்டர் பையன் தேவாங்ஷ் சிரிக்கவில்லை.
நோட்டை எடுத்து எழுதிக்கொண்டான்.

அறுபது வரியையும் வெட்டியாயிற்று. மிச்சம் ஒரு சொல்.
கல்.
ஹிந்தியில் நேற்றும் கல்தான், நாளையும் கல்தான்.
இரவில் அக்கரையைப் பார்த்துக் கல் என்பான்.
காலையில் அவளைப் பார்த்தும் அதே கல்.
கீழே தமிழ் எழுத்து ஓட வேண்டும், நீயே போடு என்றார்கள்.

ஷார்ஜா மேடமும் சம்பளம் கேட்டால் கல் என்பாள்.
தந்தாயிற்றா, தரப்போகிறாளா,
முதல் வருடம் எனக்குப் பிடிபடவேயில்லை.

சாமித்தம்பி அண்ணனுக்கு அது வெறும் கல்.
‘பிள்ளை செத்துக் கிடக்கக்குள்ள
இவன் ஏன் கல்லெண்டுறான்?’

மூன்றாம் நாள் பாதையை வாடகைக்கு எடுத்தார்கள், எட்டு மணிவரை.
ஆறரைப் பாதை இல்லையென்று
அக்கரையில் யாருக்கும் சொல்லவில்லை.
வாவி கறுத்தது. வெளிச்சம் போட்டார்கள்.
எஞ்சினை ஓலையால் மூடி
கதாநாயகன் கையில் ஒரு மரக்கோல்.
அப்போதுதான் அந்தக் குரல், ஒரு பெண்பிள்ளை,
மண்டூர்ப் பக்கமிருந்து:
‘பாதைய விடுங்கோ!
வீட்ட பிள்ளை தனியக் கிடக்கு!’

சவுண்ட்காரர் காதிலிருந்ததைக் கழற்றி
யாரது என்றார்.
தேவாங்ஷ் ஒலிபெருக்கியை என் கையில் வைத்து
தணிந்த குரலில், மரியாதையாகச் சொன்னான்:
கல்.

‘நாளைக்கு’ என்றேன்.
தமிழில் அதற்கு ஒரே பொருள்.
எனக்கு நாளுக்கு நாலாயிரம்.

எட்டேகாலுக்கு சாமித்தம்பி அண்ணன் போய்ப் பார்த்தார்.
அக்கரையில் யாருமில்லை.
பட்டிருப்பால் சுற்றிப் போயிருப்பார்கள் என்றார்.
என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

படம் வந்தது. போனில் பார்த்தேன், இரண்டு பகுதியாக, டேட்டா தீர்ந்து.
முதல் கல்லுக்கு நாளை. இரண்டாவதற்கு நேற்று.
வேறு வழி தெரியவில்லை.
இரண்டுக்கும் முன்னால், இருட்டிலிருந்து,
அந்தக் குரலை அப்படியே வைத்திருக்கிறார்கள்.
‘பாதைய விடுங்கோ.’
மும்பையில் அது மகளின் அழுகையாகக் கேட்கும்.
கீழே எழுத்தில்லை.
தமிழுக்குத் தமிழ் வேண்டாமாம்.

ஒலிபெருக்கியில் நான் சொன்னதை
வெட்டிவிட்டார்கள்.